விட்டு வருதலும் துறவும்



ஜினபகவான் அருளிய ஐந்து சமிதிகளுள் முதல் நான்கினைப் பற்றி நம் இல்லங்களில் ஓரளவேனும் பேச்சு உண்டு. பார்த்து நடத்தல், அளந்து பேசுதல், ஆய்ந்து உண்ணுதல், பொருளை நோக்கி எடுத்து நோக்கி வைத்தல் என்று ஈரியா, பாஷா, ஏஷணா, ஆதான நிக்ஷேபண சமிதிகளைச் சிறுவர்களும் விளக்கிச் சொல்லக் கேட்கிறோம். ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதி மட்டும், பாடம் ஒப்பிக்கும்போது நாவில் வந்து போவதோடு நின்றுவிடுகிறது. அது கழிவைப் பற்றியது. மலம், சிறுநீர், சளி, மயிர் முதலியவற்றை எவ்விடத்தில், எவ்வாறு விடுவது என்பதே அதன் பொருள். பூசைக்கும் தோத்திரத்துக்கும் உள்ள அழகு இதற்கு இல்லையென்று நாம் எண்ணிக்கொள்கிறோம் போலும்.

ஆனால் வட்டகேர ஆசாரியர் இயற்றிய மூலாசாரம் இதற்கென்று வகுக்கும் இலக்கணத்தைப் பாருங்கள். கழிவை விடும் இடம் ஒதுக்குப்புறமாக இருத்தல் வேண்டும். பசும்புல்லும் சிற்றுயிரும் இல்லாததாக இருத்தல் வேண்டும். ஊருக்குத் தொலைவில், மறைவாக, வளை பொந்துகள் இன்றி அகன்றதாக இருத்தல் வேண்டும். அங்கே விடுவதற்கு எவருடைய மறுப்பும் இருத்தல் கூடாது. முனிவர் அவ்விடத்தைக் கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மெல்ல விலக்கிய பின்னரே விடுவார். உடைமை ஒன்றும் இல்லாத திகம்பர முனிவருக்கே உடலிலிருந்து நீங்குவதன்மேல் இத்துணைப் பொறுப்பு உண்டென்றால், மூட்டை முடிச்சுகளோடு புறப்படும் இல்லறத்தாராகிய நமக்கு எத்துணைப் பொறுப்பு இருக்கும்!

இச்சமிதியை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து கல்விக்கும் பணிக்கும் கடல் கடந்து சென்ற நம் குடும்பத்துப் பிள்ளைகள், அந்நாடுகளில் நடைபெறும் இசைத் திருவிழாக்களுக்குத் தம் நண்பர்களோடு செல்கிறார்கள். வயல்வெளியில் கூடாரம் அடித்து, நான்கைந்து நாள் தங்கி, இசை கேட்டுத் திரும்புகிறார்கள். அங்கே போகலாமா, இரவுணவு விலக்கு என்னாகும், மது அருந்துவோர் நடுவே இருக்கலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அவற்றைப் பிறிதொரு முறை பேசுவோம். போய்வந்த பின் அந்த வயலில் என்ன கிடக்கிறது என்ற கேள்வியை மட்டும் இப்பொழுது எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள வொர்தி பண்ணையில் 1970 ஆம் ஆண்டு மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணையாளர் தொடங்கியதே கிளாஸ்டன்பரி இசை விழா. இந்நாளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். புதன்கிழமை வாயில் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவோடு இசை ஓய்கிறது. திங்கட்கிழமைக் காலையில் கூட்டம் கலைகிறது. பசுக்கள் மேய்ந்த புல்தரை அது. விழா முடிந்ததும் மீண்டும் பசுக்களே மேயப்போகும் தரை.

அந்தத் திங்கட்கிழமைக் காலையை எண்ணிப் பாருங்கள். நான்கு நாள் உறக்கம் கெட்டிருக்கும். இரவு மழை பெய்திருந்தால் கூடாரம் சேற்றில் ஊறிக் கனத்திருக்கும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, தோழர்கள் அழைக்கிறார்கள். கூடாரமோ மலிவாக வாங்கியது. துடைத்து மடித்துத் தூக்கிச் செல்வதைவிட அடுத்த ஆண்டு புதிதாக ஒன்று வாங்குவது எளிது. "கிடக்கட்டும், யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று ஒருவன் எழுந்து நடக்கிறான். அவன் கொடியவன் அல்லன். ஓர் எறும்பையும் வேண்டுமென்று மிதிக்காதவனாகவும் இருக்கலாம். எனினும் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்த உமாசுவாமி ஆசாரியர், பிரமாதத்தை அதன் வேராக வைத்ததை நாம் அறிவோம். பிரமாதம் என்பது வெறுப்போ சினமோ மட்டும் அன்று. சோர்வும், கவனக் குறைவும், "இப்பொழுது முடியாது" என்னும் மனநிலையும் பிரமாதமே. அந்தத் திங்கட்கிழமைக் காலைதான் அதற்கு உகந்த முகூர்த்தம்.

பிரிட்டனில் தனியார் இசை விழா நடத்துவோரின் சங்கம் ஒன்று 2019 ஆம் ஆண்டு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அந்நாட்டு இசை விழாக்களில் ஆண்டுதோறும் சுமார் 2,50,000 கூடாரங்கள் கைவிடப்படுகின்றன என்பது அதன் கணக்கு. ஒரு கூடாரத்தின் சராசரி எடை 3.5 கிலோ, அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக், 8,750 பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களுக்கு நிகர். குளிர்பானம் குடிக்கக் காகிதக் குழல் வேண்டும் என்று கேட்டு வாங்குபவரே, ஒரு கூடாரத்தை விட்டு வருவதால் அத்தனை குழல்களையும் ஒரே நாளில் எறிந்தவர் ஆகிறார்.

கூடாரம் கண்ணுக்குத் தெரியும், எவரேனும் எடுத்துவிடுவர். எனக்கு அதைவிட அச்சம் தருவது கூடாரத்தின் முளைக்குச்சி. விரல் நீளமுள்ள அந்த உலோகக் கம்பி சேற்றில் புதைந்துவிட்டால் தெரியாது. புல்லோடு சேர்த்து அதைப் பசு விழுங்கினால் அதன் இரைப்பை கிழியும். ஆகவே வொர்தி பண்ணையில் விழா முடிந்த பின்னர் ஆட்கள் வயலெங்கும் கையால் துழாவிப் பொறுக்குகிறார்கள். காந்தம் பூட்டிய வண்டிகளை இழுத்து இரும்புத் துண்டுகளைத் திரட்டுகிறார்கள். அதற்குப் பின்னரே பசுக்கள் வெளியே விடப்படுகின்றன. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு அளிப்பதும் அங்கே வழக்கம். 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு நிறுத்தினர். 2026 ஆம் ஆண்டும் ஓய்வு ஆண்டே.

இனிக் கழிவுநீரைப் பாருங்கள். உத்சர்க்க சமிதியின் நேர்ப்பொருள் அதுவே அல்லவா? அப்பண்ணை வழியே வைட்லேக் என்னும் சிற்றோடை ஓடுகிறது. 2014 ஆம் ஆண்டு விழாவின்போது தற்காலிகக் கழிவுத் தொட்டியிலிருந்து கசிவு ஏற்பட்டு ஓடையில் கலந்தது, மீன்கள் மடிந்தன, வழக்கு நடந்து 2016 இல் விழா நடத்துவோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 2019 விழாவின்போது பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வோடை நீரைச் சோதித்து, 2021 இல் முடிவை வெளியிட்டனர். கழிப்பிடத்துக்கு நடக்கச் சோம்பி வெட்டவெளியில் சிறுநீர் கழித்தோரின் வாயிலாக, அவர்கள் உட்கொண்ட போதைப் பொருள்கள் ஓடையை அடைந்திருந்தன. அங்கே வாழும் விலாங்கு மீன்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய அளவில் கொக்கெயின் நீரில் இருந்தது. ஒருவன் தன் உடலுக்குள் செலுத்திக்கொண்டது தன்னோடு முடிந்தது என்று நினைக்கிறான். அது அவனைக் கடந்து சென்று, அவனை அறியாத ஓர் உயிரைத் தொடுகிறது. தரையில் சிறுநீர் கழிக்காதீர் என்று விழா நடத்துவோர் இன்று பலகை வைத்து வேண்டுகின்றனர். மூலாசாரம் படித்த நமக்கு அப்பலகை புதிது அன்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். ஜைன நூல்களில் சிறிது பழக்கமுள்ள இளைஞர் ஒருவர் இவ்வாறு கேட்கக்கூடும்: "மூர்ச்சையே, அதாவது பற்றே, பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. எனக்கு அந்தக் கூடாரத்தின்மேல் பற்று இல்லை. பற்றின்றி விட்டு வந்தேன். இது அபரிக்கிரகம் ஆகாதா?"

வேடிக்கையாகத் தோன்றினும் இது ஆழ்ந்த வினா. விடையும் ஆழ்ந்ததாக இருத்தல் வேண்டும். பற்று என்பது பொருளை நோக்கி ஓடும் விருப்பம் மட்டும் அன்று. தன் உடல் நோகாதிருத்தலும், தன் தோள் சுமக்காதிருத்தலும், தன் நேரம் குறையாதிருத்தலும் வேண்டும் என்னும் ஆசையும் பற்றே. கூடாரத்தை விட்டவன் கூடாரத்தின்மேல் இருந்த பற்றை விட்டிருக்கலாம். தன் வசதியின்மேல் உள்ள பற்றை அதனால் பெருக்கிக்கொண்டான். மேலும், துறப்பவர் மீண்டும் அதைத் தேடுவதில்லை. இவரோ அடுத்த ஆண்டு புதிய கூடாரம் வாங்குகிறார். எறிவதற்காகவே வாங்கும் பொருளில் பரிக்கிரகமும் உண்டு, பயனின்றித் தீங்கு விளைக்கும் அனர்த்த தண்டமும் உண்டு. இரத்தின கரண்டகத்திலும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச் செப்பிலும் பிரமாத சரியை என்று ஒரு பகுதி இருப்பதை இளைஞர்கள் எடுத்துப் படித்தல் நலம். காரணமின்றி மண்ணைக் கிளறுவதும், நீரைக் கொட்டுவதும், தீயை மூட்டுவதும், பசுமையை அழிப்பதும் அங்கே விலக்கப்பட்டுள்ளன. சமந்தபத்திரர் காலத்தில் பிளாஸ்டிக் இல்லை. அந்த மனம் இருந்திருக்கிறது.

"கைவிட்ட கூடாரங்கள் ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் போகின்றன, அது தானம்தானே" என்றும் சிலர் சொல்லித் தேற்றிக்கொள்கிறார்கள். சில தொண்டு அமைப்புகள் வந்து திரட்டுவது உண்மை. ஆனால் அவர்களால் எடுக்க முடிவது சிறு பகுதியே. கம்பி வளைந்து, துணி கிழிந்து, சேறு படிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை குப்பைமேட்டுக்கோ எரிகலனுக்கோ செல்கின்றன. தானத்துக்குக் கொடுப்பவர் வேண்டும், பெறுபவர் வேண்டும், கொடுக்கத் தகுந்த பொருள் வேண்டும், பணிவு வேண்டும். முனிவருக்கு ஆகாரம் அளிக்க ஒன்பது வகைப் பக்தி கூறும் மரபில் வந்தவர்கள், சேற்றில் எறிந்ததற்குத் தானம் என்று பெயர் சூட்டலாமா? உண்மையில் கொடுக்க எண்ணினால் கழுவி, உலர்த்தி, மடித்துக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கலாமே.

நுழைவுச் சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று, துப்புரவு அவர்கள் வேலை என்னும் வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றினாலும் வினை வந்து ஒட்டும் என்பது நம் குழந்தைகளுக்கும் தெரியும். தன் கழிவைப் பிறர் கையால் அள்ளச் செய்வது செய்வித்தலில் சேரும்.

நம்மவர் அல்லாத மக்களிடம் இது குறித்துக் கற்கத்தக்கதும் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் பாலைநிலம் என்னும் வறண்ட ஏரிப்படுகையில், கோடை இறுதியில் ‘பர்னிங் மேன்’ என்னும் பெருங்கூட்டம் நடைபெறுகிறது. 1986 இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் தொடங்கி, 1990 இல் பாலைக்குச் சென்ற விழா அது. சுமார் 70,000 பேர் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பெரிய மரப்பாவையை எரித்து மகிழும் அவ்விழாவை நான் போற்ற மாட்டேன். அத்தீயில் மாயும் உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் அங்கே பொதுக் குப்பைத்தொட்டி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கொண்டுவந்தது அனைத்தையும் அவரவரே திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். சுவடு விடாதிருத்தல் அவர்களுடைய பத்துக் கொள்கைகளுள் ஒன்று. இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்ற பொருளில் குப்பைக்குத் தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். ஆடையிலிருந்து உதிர்ந்த சரிகைப் பொட்டு, பிஸ்தா ஓடு, ஒரு திருகாணி யாவும் அதில் அடக்கம். கூட்டம் கலைந்தபின் ஒரு குழுவினர் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே பல நாள் நடந்து பொறுக்குகிறார்கள். எந்தக் கூடாரத்தார் தூய்மையாக விட்டனர், எவர் விடவில்லை என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறமிட்டு நிலப்படம் வெளியிடுகிறார்கள். அதன்பின் அரசு நிலத்துறையினர் வந்து சோதிக்கின்றனர். ஏக்கருக்கு ஒரு சதுர அடிப் பரப்புக்கு மேல் குப்பை இருத்தல் ஆகாது என்பது விதி.

தரையைப் பார்த்து நடக்கும் அவ்வரிசையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஈரியா சமிதி நினைவுக்கு வந்தது. அந்நிற நிலப்படமோ ஆலோசனையையும் பிரதிக்கிரமணத்தையும் நினைவூட்டியது. நம்முடையது குருவின் முன் மனத்துக்குள் நடப்பது, அவர்களுடையது ஊரறிய நடப்பது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் மூட்டைகளை எறிந்து செல்வோர் உண்டு என்று சுற்றியுள்ள ஊரார் முறையிடுகிறார்கள். படம் வரையும் எல்லைக்குள் மட்டும் தூய்மை காப்போர் எங்கும் உளர்.

மனிதர் திருந்தவே மாட்டார் என்று சலிப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. 2019 கிளாஸ்டன்பரி விழாவில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் புட்டிகளில் நீர் விற்பதை நிறுத்தினார்கள். அவ்வாண்டு நூற்றுக்கு 99.3 விழுக்காடு கூடாரங்களை மக்களே எடுத்துச் சென்றனர் என்று விழா நடத்துவோர் அறிவித்தனர்.

நம் பாட்டிமார் கிணற்று நீரை இரட்டை மடித்த துணியில் வடிகட்டியதை நாம் கண்டிருக்கிறோம். வடிகட்டுவதோடு அவர்கள் பணி முடிந்துவிடவில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, வடித்த நீரைக் கொண்டே மெல்ல அலசி, எந்தக் கிணற்றில் எடுத்தார்களோ அதே கிணற்றுக்குள் நீர்மட்டம் வரை வாளியை இறக்கிச் சேர்ப்பார்கள். மேலிருந்து ஊற்றினால் வீழ்ச்சியில் மடியும். வேறு கிணற்றில் விட்டால் அந்நீர் ஒவ்வாமல் மடியும். இதற்கு ஜீவானி என்று பெயர். தேவையானதை எடுத்துக்கொண்டபின் எஞ்சியது தன் பொறுப்பே என்பதை எழுத்தறியாத அம்மூதாட்டியர் நாள்தோறும் செய்து காட்டினர். அயல்நாட்டு வயலில் நிற்கும் பேரனுக்கு இதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்; அவன் புரிந்துகொள்வான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய இன்னும் சிலவும் உள. உணவு மிஞ்சாத அளவு எடுத்துச் செல்லட்டும்; பையில் கட்டி வெயிலில் வைத்த எச்சில் உணவில் சம்மூர்ச்சன உயிர்கள் தோன்றிப் பெருகும். பகலிலேயே உண்டு முடிக்கும் நம் வழக்கம் இங்கும் துணை செய்யும். இருளில் உண்பவனுக்குக் கைதவறி விழுந்தது தெரியாது. ஈரத் துடைப்புத் தாளையும், முகத்தில் பூசும் மினுக்குத் தூளையும் கொண்டுபோகவே வேண்டாம். புறப்படும் நாளுக்கு முந்திய மாலையிலேயே பாதி மூட்டையைக் கட்டிவிட்டால், திங்கட்கிழமைச் சோர்வுக்கு வேலை குறையும்.

வீடு திரும்பியதும் கூடாரத்தைச் சுருட்டியபடியே மூலையில் போட்டுவிடலாகாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை படரும், அதுவும் உயிர்த்தொகுதி, பின்னர் அதைக் கழுவுவதும் ஹிம்சை. அன்றே விரித்து, உதறி, நிழலில் உலர்த்தி, கிழிசல் இருந்தால் ஒட்டுப் போட்டு வைக்கட்டும். அடுத்த ஆண்டு தான் போகாவிட்டால், போகும் நண்பருக்கு இரவல் கொடுக்கட்டும். கொடுக்கும்போது முளைக்குச்சிகளை எண்ணிக் கொடுத்து, திரும்பி வரும்போது எண்ணி வாங்கட்டும். ஒன்று குறைந்தால் எந்த வயலில் குறைந்தது என்று கேட்கட்டும்.