மேற்கோள்: கடனா, சான்றா? – மருத்துவ ஆய்விதழ் நெறிமுறையை முன்வைத்து

பிறர் கருத்தை எடுத்தாளும் ஆய்வாளர் அதன் மூலத்தைச் சுட்டுதல் வேண்டும் என்பது ஆய்வுலகம் ஏற்ற நெறி. ஏன் சுட்டுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் உண்டு. முன்னோர்க்குச் செலுத்தும் கடன் அது என்பது ஒன்று. கூற்று மெய்யென்பதற்குப் படிப்போர்முன் வைக்கும் சான்று என்பது மற்றொன்று. இலக்கிய ஆய்வில் இவ்விரண்டும் பெரும்பாலும் இணைந்தே செல்வதால் வேறுபாடு புலப்படுவதில்லை. மருத்துவ ஆய்விதழ்களின் மேற்கோள் முறையில் அவை பிரிந்து நிற்கக் காணலாம். அம்முறையின் வழி இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1978-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கனடாவின் வான்கூவர் நகரில் பொது மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடினர். கட்டுரைப் படி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு ஒரு பொதுவடிவம் காண்பதே அவர்தம் நோக்கம். தட்டச்சுக் காலம் அது. ஓரிதழ் ஏற்காத கட்டுரையை மற்றோரிதழுக்கு அனுப்ப அடைவு முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் வகுத்த விதிகள் 1979-இல் வெளிவந்தன. அக்குழுவே பின்னர் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்தது. மேற்கோள்கள் கட்டுரையில் முதலில் வரும் வரிசைப்படி எண் பெறும். ஆசிரியரின் குடும்பப்பெயர் முன்னும் முதலெழுத்துகள் புள்ளியின்றிப் பின்னும் நிற்கும். இதழ்ப்பெயர் சுருங்கும். ஆசிரியர் அறுவர்க்கு மேற்படின் எஞ்சியோர் ‘பிறர்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்குவர்.

கடன் என்று கொண்டு நோக்கின் இம்முறை பெரிதும் நன்றியற்றதாகவே தோன்றும். முன்னோர் பெயர் கட்டுரையின் உடலில் இடம்பெறாது ஓரெண்ணாகச் சிறுக்கிறது. ஏழாவதாக நின்று உழைத்தவர் மறைந்தேபோகிறார். எனினும் இதே முறையைச் சான்று என்று கொண்டு நோக்கின் குறை எதுவும் இல்லை. ஐயமுறும் மருத்துவர் மூலத்தைக் கண்டடைய ஆறு பெயரும், ஆண்டும், தொகுதியும், பக்கமும் போதியன. ஆகவே இவ்வடிவம் முன்னோரை நோக்கியதன்று, படிப்பவரை நோக்கியது.

இந்நோக்கினை இந்திய மண்ணில் நூலகவியலாக வளர்த்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய அவர், தம் இறுதிக்காலத்தைப் பெங்களூருவில் கழித்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பகுதியாக ஆவணவியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை 1962-இல் அங்கு நிறுவினார். 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தைக் காத்தல் பற்றியது. இது வசதி பற்றிய விதி போலத் தோன்றினும் அறம் பற்றியதே எனல் தகும். பக்க எண்ணைப் பிழைபட எழுதுபவர் தாம் சேமித்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக, முகமறியாப் பலரின் மணிக்கணக்கான நேரத்தைச் செலவிடுகிறார்.

அரங்கநாதனின் பெயரே இவ்வடிவத்தின் ஓர் இடர்ப்பாட்டுக்கும் எடுத்துக்காட்டாகும். சீர்காழி ஊர்ப்பெயர், இராமாமிர்தம் தந்தை பெயர், அரங்கநாதன் இயற்பெயர். குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. இறுதிப்பெயரையே குடும்பப்பெயராகக் கொள்ளும் முறையில் அவர் தம் இயற்பெயராலேயே அடைவு பெற்றது நற்பேறு எனலாம். விண்ணப்பப் படிவத்தின் கட்டாயத்தால் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் நிரப்பிய தமிழ் ஆய்வாளரோ, தம் உழைப்பனைத்தும் தந்தை பெயரில் அடுக்கப்படக் காண்கிறார். திருமணத்தின்பின் தலைப்பெழுத்தை மாற்றிய பெண் ஆய்வாளர் இருவராகிறார். 2012-இல் தொடங்கப்பெற்ற ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் இவ்விடர்ப்பாட்டைத் தணித்துள்ளது. பெயரால் ஆகாததை எண் கொண்டு தீர்க்க வேண்டியிருப்பது இம்முறையின் இயல்புக்கு ஒத்ததே.

தமிழ் உரைமரபு இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. உரையாசிரியர் பலர் மேற்கோள் செய்யுளைக் காட்டி, நூற்பெயர் சுட்டாது செல்வர். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது (1887) நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன என்று அறிய உ.வே. சாமிநாதையர் பட்ட இடர்களை அவர்தம் ‘என் சரித்திரம்’ விரித்துரைக்கும். இதனை உரையாசிரியரின் குறையாகக் கருதுவது பொருந்தாது. பாடங்கேட்போர் நூல்களை நெட்டுருச் செய்திருந்த காலத்தில் அடைவு அவர்தம் நினைவிலேயே இருந்தது. அந்நினைவு அறுந்தபின் அதே மேற்கோள் விடுகதையாயிற்று. ஆகவே சான்று சான்றாக நிற்பது, அதனைத் தேடிச் செல்லும் வழி படிப்பவர் கையில் உள்ள வரையில்தான்.

வழி இருந்தும் எவரும் செல்லாவிடின்? இவ்வினாவுக்கு மருத்துவ இதழ் வரலாறு கொடிய விடை ஒன்றைத் தருகிறது. 1980-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஐந்து வாக்கியங்களாலான கடிதம் ஒன்றை வெளியிட்டது. எழுதியோர் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகியோர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள் அபின்வகை வலிநீக்கி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதோரிடையே நால்வரிடம் மட்டுமே ஓரளவு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட அடிமைப்பழக்கம் காணப்பட்டது என்று அது கூறிற்று. வீடு திரும்பி மாதக்கணக்கில் மருந்துண்பவர் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017-இல் அதே இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அக்கடிதத்தை எடுத்தாண்ட 608 வெளியீடுகளைக் கண்டறிந்தது. அவற்றுள் 439, அபின்வகை மருந்தால் அடிமைப்படுதல் அரிது என்பதற்குச் சான்றாக அதனைக் காட்டின. நோயாளிகள் மருத்துவமனையில் தங்கியிருந்தோர் என்னும் செய்தியை 491 குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் அபின்வகை மருந்துப் பெருங்கேடு உருவாக இம்மேற்கோள்கள் துணைநின்றன என்பது அவ்வாய்வாளர் கருத்து.

தொகுதி, பக்கம் முதலியன பிழையற இருப்பினும் அம்மேற்கோள்கள் பிழைபட்டனவே. மேற்கோள் எண் என்பது ‘இதனைக் கற்றேன், இது இவ்வாறு கூறுகிறது’ என்னும் உறுதிமொழி. பிறர் அடைவிலிருந்து படியெடுக்கப்பட்ட எண் கல்லாததைக் கற்றதாகக் கூறும் பொய்யாகிறது. செயற்கை அறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைகளுக்கும் பிழையற்ற வடிவில் அடைவு அமைத்துத் தருகின்ற இந்நாளில் வடிவத்தின் செம்மை எதனையும் மெய்ப்பிப்பதன்று. மூலத்தைச் சரிபார்த்தலும், திரும்பப்பெறப்பட்ட கட்டுரையைச் சான்றாகக் காட்டாமையும் ஆசிரியரின் பொறுப்பு என்று பன்னாட்டுக் குழுவின் பரிந்துரைகள் கூறுவது இதனாலேயே.

கடன் என்னும் கொள்கை இவ்விடத்தில் முற்றிலும் தோல்வியுறுகிறது. போர்ட்டருக்கும் ஜிக்குக்கும் கடன் 608 முறை செலுத்தப்பட்டது. துன்புற்றவர் கடிதம் எழுதியவர் அல்லர், மாத்திரையை உண்டவர். அடைவினை அவர் ஒருபோதும் காணப்போவதில்லை; அதனைக் காணும் மருத்துவரை நம்பியே இருக்கிறார். அக்கடிதம் ஆராய்ந்து பாராமல் மிகுதியாக எடுத்தாளப்பட்டது என்னும் எச்சரிக்கைக் குறிப்பினை இதழ் 2017-இல் அதனுடன் இணைத்தது. கடிதம் வெளிவந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.