பூனையின் வேட்டையும் வளர்ப்பவரின் வினையும்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் வீடுகள் மதிலொட்டி நிற்பதால், வெளியே திரியவிடப்படும் வளர்ப்புப் பூனை அடுத்த வீட்டுத் தோட்டத்து மண்ணில் மலம் கழிப்பதும், அணிலையும் பறவைக் குஞ்சையும் கொல்வதும் வளர்ப்பவரின் கண்ணில் படாமலே நிகழ்கின்றன. இவற்றுக்கு அவர் பொறுப்பாவாரா என்னும் வினாவை ஆராயச் சமண அறவியல் ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைப்பயனைச் சேர்க்கும் என்பது அதன் கொள்கை. வேட்டை பூனையின் இயல்பாதலால் நன்மை தீமை ஆய்ந்து நடக்கும் கடப்பாடு அதற்கு இல்லை; கதவைத் திறந்துவிடுபவர் கொல்லுமாறு ஏவுவதில்லை எனினும், விளைவை அறிந்தும் வாளாவிருப்பது உடன்பாட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லை. மறுபுறம், எல்லா உயிர்களிடத்தும் இரங்குதலாகிய சீவகாருண்யத்தை வள்ளலார் (1823–1874) கடவுள் வழிபாடாகவே கொண்டார். அவ்விரக்கம் பூனையை ஓயாது அடைத்து வருத்துவதையும் ஏற்காது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் விலங்கின் நலம் பேணும் கடமையை அதனைப் பராமரிப்பவர்மீதே சுமத்துகிறது. எனவே கருத்தடை செய்வித்தல், பால்கனிக்கு வலையடித்தல், வீட்டினுள்ளேயே கழிப்பிடமும் விளையாட்டும் அமைத்தல் ஆகியவை, வளர்க்கும் உயிருக்கும் அயலாருக்கும் ஒருங்கே செலுத்தப்படும் அறக்கடன்களாகின்றன.