நோயாளியின் இலையும் நமது ஆலோசனையும்

நோயுற்றோரைச் சந்திப்பதும், ஐயமுற்றோருக்கு ஆலோசனை கூறுவதும் இரக்கச் செயல்கள் எனச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலே மனப்பாடம் செய்தோம். முன்னது உடல் சார்ந்த ஏழனுள் ஒன்று. பின்னது ஆன்மா சார்ந்த ஏழனுள் ஒன்று. இரண்டையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு எழுந்து வருவது இன்று நம் வழக்கமாகிவிட்டது. சாத்துக்குடிப் பையையும் ஹார்லிக்ஸ் புட்டியையும் கட்டிலின் தலைமாட்டில் வைத்த மறுகணமே, "வாழைத்தண்டுச் சாறு குடிச்சுப் பாருங்க அண்ணாச்சி, எங்க மச்சானுக்கு அதுலதான் சொகமாச்சு" என்று தொடங்கிவிடுகிறோம். நோயாளியும் தலையசைக்கிறார். நாம் போன பிறகு அவருடைய மனைவி வாழைத்தண்டு வாங்க ஆளனுப்புகிறாள்.

நாம் கூறியது அன்பினால் கூறியதே. அதில் ஐயமில்லை. ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காக, அறியாத ஒன்றை அறிந்தவர்போலச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா? எல்லா நோய்களிலும் எழக்கூடிய கேள்விதான் இது. எனினும் நாட்பட்ட சிறுநீரக நோயில் இதன் கூர்மை மிகுதி. ஏனெனில் அந்நோயில் உணவே மருந்து, உணவே ஆபத்து.

நலமுள்ள ஒருவருடைய சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, அதில் ஒன்றரை லிட்டர் போக எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. நேற்று உப்பு கூடிற்றா, இன்று வாழைப்பழம் இரண்டாயிற்றா என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. மிஞ்சியதை அவை வெளியேற்றிவிடும். நம் மிகைகளை எல்லாம் ஓசையின்றி மன்னித்துக்கொண்டிருக்கும் உறுப்பு அது. அந்த மன்னிப்பு நின்றுபோனவரே சிறுநீரக நோயாளி. நோய் முற்றியவருக்கு வேண்டாத பொட்டாசியம் இரத்தத்தில் தங்குகிறது. லிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அளவு ஆறைத் தாண்டினால் இதயத்தின் துடிப்பே தடுமாறலாம். பெரும்பாலும் வலியில்லை, முன்னறிவிப்பில்லை. இளைத்தவருக்கு இளநீர் கொடு என்பது நம் பண்பாடு. இளநீரோ பொட்டாசியம் நிறைந்த நீர்.

இங்கு நம் மொழியும் ஒரு குழப்பத்திற்குத் துணைபோகிறது. சிறுநீரகத்தில் கல் அடைத்தவரையும், சிறுநீரகம் செயலிழந்து வருபவரையும் "கிட்னியில் கோளாறு" என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். கல் உள்ளவருக்கு நிறைய நீர் அருந்தச் சொல்வது மருத்துவமே. வாழைத்தண்டும் அவர் பொருட்டே புகழ் பெற்றது. சிறுநீர் வற்றி, கால் வீங்கி, மூச்சுத் திணறிக் கிடப்பவருக்கு அதே நீரும் அதே சாறும் கேடாக முடியலாம். நம் மச்சானுக்குச் சுகமானது பொய்யன்று. அவருடைய நோய் வேறு, அவ்வளவே.

ஒரே நோய்க்குள்ளும் நிலைகள் உண்டு. டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தை அளவோடு நிறுத்தச் சொல்வார்கள். 2024இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்கிறது. டயாலிசிஸ் தொடங்கியபின் 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. நேற்றுவரை முட்டையைத் தள்ளிவைத்தவரிடம் இன்று முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிடச் சொல்கிறார்கள். வீட்டார் திகைக்கிறார்கள், மருத்துவர் மாற்றிப் பேசுவதாக எண்ணி நம்பிக்கை இழக்கிறார்கள். மாறியது மருத்துவரல்லர், உடலின் நிலை. தண்ணீரும் அப்படியே. தேவதானத்து வயல்களில் உச்சிவெயிலில் நாற்று நடும் ஒருவருக்கு நோய் தொடக்க நிலையிலேயே இருக்கலாம். வீக்கம் ஏதும் இல்லாதிருக்கலாம். அவரிடம் போய், "கிட்னிக்காரங்க தண்ணி குடிக்கக்கூடாது" என்று யாரோ சொல்லக் கேட்டதை நாம் சொன்னால், வியர்த்து வற்றும் உடலை மேலும் வற்றச் செய்தவராவோம். தமிழகத்து விவசாயத் தொழிலாளரிடையே அண்மையில் நடந்த ஆய்வில், சிறுநீரக நோய் கண்டவர்களுள் கணிசமானோருக்குச் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லை எனத் தெரியவந்தது. வெயிலும் நீரிழப்பும் ஐயத்திற்குரிய காரணங்களில் அடங்கும்.

தேவதானத்தில் கோயில் கொண்டுள்ள சிவபெருமானுக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. சோழன் பாண்டியனுக்குப் பரிசென்று அனுப்பிய ஆடையில் நஞ்சு தோய்ந்திருந்தது, அதனின்று மன்னனை இறைவன் காத்தருளினார் என்பது தலவரலாறு. பரிசுக்குள் நஞ்சு இருக்கக்கூடும் என்னும் நினைவை ஓர் ஊர் தன் தெய்வத்தின் பெயரிலேயே போற்றிவைத்திருப்பது நம்மை வியக்க வைக்கிறது. அக்கதையில் அனுப்பியவன் பகைவன். ஆகவே அதில் அறச்சிக்கல் ஏதுமில்லை. அனுப்புபவர் உறவினராக, பங்கு மக்களுள் ஒருவராக, நம்மை உள்ளன்போடு நேசிப்பவராக இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பகைவன் தந்ததைச் சோதிப்போம். அன்பர் தந்ததைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று வாங்கி அருந்திவிடுவோம்.

மலைக்கு அப்பால் கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பி எனும் புளிச்சக்காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றி மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அதன் இனத்ததான நட்சத்திரப் பழம், சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் தீராத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் தந்து உயிரையே பறித்ததுண்டு. ஆடுதின்னாப்பாளை நம் கரிசல் காடுகளில் யாரும் அறிந்த செடி. அதன் பெயரே ஓர் எச்சரிக்கைபோல ஒலிக்கிறது. அவ்வினச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கருக்கிப் புற்றுநோயையும் விளைவிக்கும் என்று உலகம் அறிந்துகொண்டது 1990களில். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை உண்ட ஏறத்தாழ நூறு பெண்கள் சிறுநீரகத்தைப் பறிகொடுத்த பிறகே அது வெளிப்பட்டது. மூலிகை மாறிப்போயிருந்தது. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே டான்யூப் ஆற்றின் கிளைகள் பாயும் பால்கன் நாட்டுச் சிற்றூர்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரக நோய் பரவியிருந்தது. 1950களில் மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். கோதுமை வயலில் களையாக வளர்ந்த அவ்வினச் செடியின் விதை தானியத்தோடு அறுவடையாகி, மாவாகி, அன்றாட அப்பத்தில் கலந்ததே காரணம் என்பது இந்த நூற்றாண்டில்தான் வலுவாக நிறுவப்பட்டது. கோதுமையிடையே களை என்னும் உவமையைப் பலமுறை கேட்ட நமக்கு, அந்தக் களை அப்பத்திற்குள்ளேயே வந்துவிட்ட செய்தி உறைக்கவேண்டும்.

சித்த மருத்துவத்தை இகழ்வது நம் கருத்தன்று. முறையாகக் கற்று, நாடி பார்த்து, நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் சித்த மருத்துவர் வேறு. எங்கோ கேட்டதைச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறும் நாம் வேறு. மூட்டுவலிக்கென்று கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் ஆங்கில மருந்து வலிநிவாரணிகளும் சிறுநீரகத்தைக் கெடுப்பவையே. அவற்றையும் நாமேதான் ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்கிறோம்.

உப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். "இந்துப்பு சேர்த்துக்கிட்டா ஒண்ணும் செய்யாது" என்று சொல்லாத வீடு இல்லை. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படும் வேறு வகைகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். 2025 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் அத்தகைய உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் குறையுள்ளவர்களை அப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்தது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான உப்பு என்பது நலமுள்ளவர்க்கும் அந்நிறுவனம் விதிக்கும் எல்லை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உள்ள இலையில் அந்த எல்லை எங்கே போயிற்று என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு; அதைக் குறித்து நாம் பேசுவதே இல்லை. வருபவர் ஒவ்வொருவரும் ஒன்றைக் கூடாது என்று சொல்லிப் போகிறார்கள். பருப்பு கூடாது, கீரை கூடாது, பழம் கூடாது, பால் கூடாது, தக்காளி கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக் கீழ்ப்படிந்த நோயாளி கடைசியில் வெறுஞ்சோற்றையும் மோரையும் உண்டு மெலிகிறார். தசை கரைகிறது, தொற்றை எதிர்க்கும் வலிமை போகிறது. நோயாளி ஒரு பெண்ணாக இருந்தால் இது இன்னும் எளிதாக நடந்துவிடும். பலருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்டு பழகியவளுக்கு, உண்ணாதிருப்பது புதியதொரு கட்டளையாகத் தோன்றாது. தொடக்க நிலையில் உள்ள பலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்காது. அவர்களிடமிருந்து பழத்தைப் பறிக்கக் காரணமே இல்லை. ஏறியவர்களுக்கும் வழியுண்டு: காயைத் தோல் சீவி, சிறிதாய் நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி வெளியேறிவிடும். சுவை சற்றுக் குறையும். பட்டினியைவிட அது மேல்.

அப்படியானால் யாரைக் கேட்பது? கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானம் இக்கேள்வியை நமக்கு முன்பே கேட்டிருக்கிறது. அந்நூலின் 37ஆம் அதிகாரம் ஆலோசகர்களைப் பற்றிப் பேசுகிறது: தன்னலத்திற்காக ஆலோசனை கூறுபவரிடம் எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது, வணிகனிடம் போய் விலையைப் பற்றிக் கேளாதே என்னும் பொருள்பட நீண்டதொரு பட்டியல் தருகிறது. அதே அதிகாரம் உணவில் வந்து முடிகிறது. எல்லாம் எல்லார்க்கும் நன்மை தராது, உனக்குத் தீயது எதுவெனச் சோதித்தறி என்கிறது. அடுத்த அதிகாரமோ மருத்துவரை மதிக்கச் சொல்லித் தொடங்குகிறது. ஆலோசனை, உணவு, மருத்துவர் என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்ததோ என்னவோ, நம் நோயாளி நடக்கவேண்டிய வழியும் அதுவே. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தை முடிக்கையில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்து நான்காகவே எண்ணினார். அடுப்படியில் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் மனைவியோ மருமகளோதான் அந்த நான்காமவர். மருத்துவர் நோயாளியிடம் பேசுகிறார், சமைப்பவளிடம் பேசுவதில்லை.

மருத்துவரைக் குறைகூறிப் பயனில்லை. வெளியே நூறுபேர் காத்திருக்கையில் அவரால் "உப்பைக் குறைங்க, பழம் வேண்டாம்" என்பதற்குமேல் சொல்ல நேரம் இராது. உணவியல் வல்லுநர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் நம் நாட்டு உணவுப் பொருள்கள் 528ஐ ஆய்ந்து, எதில் எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு பாஸ்பரஸ் என்று அட்டவணையிட்டுத் தந்திருக்கிறது. அறிவு இல்லாமலில்லை, அது சேத்தூரைத் தாண்டித் தேவதானத்து அடுப்படிக்கு வந்து சேர வழிதான் இல்லை.

வழி உண்டாக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, 1990களின் பிற்பகுதியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை வழியாகச் சென்னைக்கு வெளியே சிற்றூர்களில் ஒரு பணியைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பு முடித்த அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா எனச் சோதித்தார்கள். இரத்த அழுத்தம் அளந்தார்கள். மாறுதல் கண்டவர்களை மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். மருந்துகள் விலை மலிந்தவை, ஆனால் தொடர்ந்து கிடைத்தவை. அப்பெண்கள் பட்டம் பெற்றவர்களல்லர், நம்மைப்போல் அக்கம்பக்கத்தாரே. ஆயினும் அவர்கள் முதலில் அளந்தார்கள், பிறகே பேசினார்கள். அடுத்த முறையும் அதே வாசலுக்கு வந்தார்கள். சொன்னதன் விளைவைக் காண மீண்டும் வருபவரிடம் ஒரு பொறுப்பு தானாகவே வந்துவிடுகிறது. நம்மில் பலர் வாழைத்தண்டு சொன்ன வீட்டிற்கு அடுத்துப் போவது துக்கம் விசாரிக்கத்தான்.

பங்குத் திருவிழா அசனத்தில் அந்நோயாளி நம்மோடு பந்தியில் அமர்கிறார். "ஒரு நாள்தானே, ஒரு வாய்தானே" என்று கெஞ்சி அவர் இலையில் பரிமாறுவது நம் ஊர் உபசாரம். தவக்காலத்திலோ, நோன்பிலிருந்து நோயாளிக்கு விலக்கு உண்டென்று தெரிந்தும் பட்டினி கிடக்கும் முதியோர் உண்டு. அவர்களிடம் அதை எடுத்துச் சொல்வது பங்குத் தந்தைக்கு எளிது, நமக்கு அரிது. உப்பில்லாத சோற்றை அவர் தனியே ஒரு மூலையில் உண்ணாதபடி, வீட்டார் அனைவரும் உப்பைக் குறைத்து ஒரே குழம்பில் உண்ணும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் யாருக்கும் ஆலோசனை கூறியதாக நாம் கேட்டதில்லை.

கோடையில் ராஜபாளையம் சந்தையெங்கும் மாம்பழ மணம் கமழும். வாரம் மூன்றுமுறை நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எந்திரத்தோடு பிணைக்கப்பட்ட எழுபது வயது முதியவர் ஒருவர், ஒரே ஒரு கீற்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுப்பதா அன்பு, கொடுப்பதா? இரண்டுக்கும் ஆதரவாகப் பேச நாம் ஆயத்தமாயிருக்கிறோம். ஆனால் விடை, அம்மாதத்து இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணாக இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் யாராவது பேருந்தேறிப் போய்க் கேட்டு வரவேண்டும். சில மாதங்களில் அவர், "ஒரு கீற்றுத்தானே, கொடுங்கள், அன்றைக்கு வேறு பழம் வேண்டாம்" என்றே சொல்லி அனுப்புவார்.