பிலாத்து பேரை ஏன் சொல்கிறோம்?

எங்க ஊரில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் கொண்டு வருவார்கள். "எல்லாம் ஆண்டவர் சித்தம்." வயசாகிச் செத்தாலும் அதுதான், பிரசவத்தில் செத்தாலும் அதுதான், பட்டாசு ஆலையில் கருகிச் செத்தாலும் அதுதான். நானும் பல வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லியிருக்கிறேன். எனக்கே அதைச் சொன்ன போதுதான் அது என்ன வேலை செய்கிறது என்று விளங்கியது.

2015ஆம் வருசம் மே மாசம் எங்க வீட்டுக்காரர் செத்துப்போனார். பக்கத்து டவுனில் ஒரு கல்யாண மண்டபத்து செப்டிக் டேங்க்கில். அது அவர் தொழில் இல்லை. கொத்து வேலைக்குக் கையாளாப் போறவர். முகூர்த்தம் நெருங்குது, லாரி வந்து உறிஞ்சியும் அடியில கசடு நிக்குதுன்னு எங்க தெருவுல வந்து ஆள் கேட்டாங்க. வேற தெருவுக்கு ஏன் போகலைன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? முதல்ல இறங்குன பையனுக்கு இருபத்திரெண்டு வயசு. இறங்குனவன்கிட்ட இருந்து சத்தமே இல்ல. அவனைத் தூக்கணும்னு இவர் இறங்கினார். ரெண்டு பேரும் ஏறி வரலை.

மூடிக் கிடக்கிற குழிக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேர்ந்து நிக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும். அளவு கூடிப்போனா மூக்குக்கு நாத்தமே தெரியாமப் போயிரும். ஆபத்து இல்லைன்னு நினைச்சு ஆள் உள்ள போயிரும். காப்பாத்தப் போறவனும் சேர்ந்து சாகிறது இந்தக் குழிகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதெல்லாம் நான் பிறகு கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் துணிக்கு வெளியே நீட்டிக்கிட்டிருந்த அவர் காலுங்கதான்.

அடக்கப் பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கம் வச்சார். நல்ல மனுசர், எங்க மேல பிரியம் உள்ளவர். "ஆண்டவர் தன் தோட்டத்துக்கு நல்ல பூவாப் பார்த்துப் பறிச்சுக்கிட்டார்" என்றார். பெட்டிக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன். பூப் பறிக்கிறவர் பீக்குழிக்குள்ளயா கைய விடுவார்னு மனசுல ஓடுச்சு. உடனே பயந்துபோயி சிலுவை போட்டுக்கிட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகலை. அப்ப எனக்கு முப்பத்தோரு வயசு, மகளுக்கு ஏழு.

மண்டபத்துக்காரர் ஆளு வந்து அம்பதாயிரம் ரூபாய் தர்றோம், கேஸு வேண்டாம்னு சொன்னாங்க. எங்க சொந்தக்காரங்களே, "போன உசுரு வரப்போகுதா, எல்லாம் அவர் சித்தம், வாங்கிக்க தாயி" என்றார்கள். அங்கேதான் பிடிபட்டது. கோயிலில் ஆறுதலாகச் சொன்ன வார்த்தையும் வாசலில் பேரம் பேச வந்த வார்த்தையும் ஒன்று. கடவுள் எடுத்துக்கொண்டார் என்றால், ஆள் வைத்து இறக்கினவன் எங்கே போனான்? அவன் பேரே கதையில் இல்லை.

தோழர்கள் சிலர் வேறு மாதிரிச் சொன்னார்கள். "இன்னுமா சாமியக் கட்டிக்கிட்டு அழுவீங்க?" அவர்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்லறையில்கூட எங்களுக்குத் தனி மூலை ஒதுக்கிய கோயில்தான் எங்க கோயில். ஆனால் சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு ஏசுறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஏச்சுத்தான் ரொம்ப நாள் என் செபமா இருந்தது.

விவிலியத்தை மறுபடி எடுத்தேன், பிரசங்கம் கேட்காமல் நானாக வாசிக்க. யோபு கதை எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளை, சொத்தை, உடம்பை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கூட்டாளிகள் வந்து காரணம் சொல்கிறார்கள். பக்கம் பக்கமாகக் கடவுளுக்கு வக்காலத்து. கடைசியில் கடவுள் கோபப்படுவது புலம்பினவன் மேல் அல்ல. தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்தக் கூட்டாளிகள் மேல்தான். இதை எந்தச் சாவு வீட்டிலும் யாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை.

இன்னொன்று. ஞாயிறு பூசையில் விசுவாச மந்திரம் சொல்கிறோம். பன்னிரண்டு சீடர்களில் ஒருத்தர் பேரும் அதில் கிடையாது. ஆனால் பிலாத்து பேர் இருக்கிறது. சேசுவின் சாவு உலக மீட்புக்காக, பிதாவின் சித்தப்படி என்று நம்புகிற அதே சபை, அந்தத் தீர்ப்பைக் கொடுத்த அதிகாரியின் பேரை இத்தனை நூற்றாண்டாக மறக்காமல் சொல்லிக்கொண்டு வருகிறது. கடவுள் சித்தம் என்பது பிலாத்துவை விடுதலை செய்யவில்லை. அவன் கை கழுவினதும் செல்லவில்லை. அப்படி இருக்க, என் புருசன் சாவில் மட்டும் ஏன் ஆண்டவர் பேரை இழுத்து மற்ற பேர்களை மறைக்க வேண்டும்?

அம்பதாயிரத்தை வாங்கலை. ஸ்டேசனுக்குப் போனேன். சந்தேக மரணம்னுதான் முதல்ல எழுதினாங்க. அப்புறம்தான் சட்டம்னு ஒன்று இருப்பது தெரிந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் வருசத்துச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்க்குக்குள்ளும் இறக்குவதைக் குற்றம் என்கிறது. 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. திங்கக்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் நின்றேன். ஒரு கிளார்க் கேட்டார், "நீங்க எஸ்.சி.யா, பி.சி.யா?" கிறிஸ்தவர்கள் என்றால் பி.சி. சர்ட்டிபிகேட். 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது, 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. மண்டபத்துக்கு ஆள் கேட்டு வந்தவன் மட்டும் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை.

லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருவாள். கடவுளுக்கும் பயப்படாத, மனுசரையும் மதிக்காத நடுவனிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்பாள். இடைவிடாமல் செபம் செய்யுங்கள் என்பதற்குச் சொன்ன கதை என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். சரிதான். ஆனால் அவள் முழங்கால் போட்டது எங்கே இருக்கிறது? அவள் கச்சேரி வாசலில் அல்லவா நின்றாள்? அதைத்தான் செபத்துக்கு மாதிரியாக அவர் காட்டுகிறார். மனு நாள் வரிசையில் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு திங்கக்கிழமை இது எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்குப் பிறகு அழாமல் செபம் சொன்னேன்.

மூணு வருசத்துக்குப் பிறகு பணம் வந்தது. வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்குள் வேறு ஊர்களிலிருந்து பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள், ஸ்டேசன் வாசலைத் தாண்டப் பயப்படுகிறவர்கள். நான் பத்தாவது படித்தவள், பால்வாடி ஆயா வேலை. இப்போது வக்கீலிடம் பேசுகிறேன், கூட்டத்தில் மைக் பிடிக்கிறேன். சந்தோசமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

போன வருசம் ஒரு கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது மகள் கேட்டாள்: "ஏம்மா, அப்பா சாகலைன்னா நீ இப்படி ஆகியிருக்க மாட்டேல்ல?" அவள் பெருமையாகத்தான் கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆமாம் என்றால் அவர் சாவை வித்து நான் பிழைத்த மாதிரி. அப்படியென்றால் அந்தச் சாவுக்கும் ஒரு நோக்கம் இருந்திருக்கிறது, பூப்பறித்த கதை உண்மை என்றாகிவிடும். இல்லை என்றாலும் பொய்.

பல நாள் இதையே யோசித்தேன். ரெண்டு காரியத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று படுகிறது. சாவுக்கு நோக்கம் இருப்பது வேறு. செத்த பிறகு இருக்கிறவளுக்கு நோக்கம் கிடைப்பது வேறு. அவர் சாவுக்கு ஒரு நோக்கமும் இல்லை. அதில் இருந்தது மிச்சம் பிடித்த காசும் சாதியும்தான். எனக்கு ஒரே ஒரு சோதனை உண்டு. இந்த மைக், இந்தப் பேச்சு, இந்த மரியாதை எல்லாத்தையும் திருப்பித் தந்தால் அவர் சிமெண்டுக் கையோட வாசல்ல வந்து நிப்பார்னா, யோசிக்காமத் திருப்பித் தருவேன். தருவேன் என்கிற வரைக்கும் நான் அந்தச் சாவை நல்லது என்று சொல்லவில்லை. அதற்காக இந்த வேலை நல்லது இல்லை என்றும் ஆகாது. உயிர்த்தெழுந்த பிறகும் சேசு கையில் காயம் இருந்தது. தோமாவிடம் அதைத்தான் காட்டினார். உயிர்ப்பு வந்துவிட்டதால் ஆணி அடித்தது சரி என்று அவர் சொல்லவில்லை.

மகளிடம் இதை இப்படியே சொல்லத் தெரியவில்லை. "அப்பா இருந்திருந்தா அப்பாவோட சேர்ந்து வேற ஏதாவது ஆகியிருப்பேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா" என்றாள்.

இப்பவும் இந்த மாதிரிச் சாவு விழுந்த வீட்டுக்குப் போகிறேன். ஆண்டவர் சித்தம் என்று சொல்வதில்லை. ஆண்டவர் இல்லை என்றும் சொல்வதில்லை. அந்தப் பிள்ளை பக்கத்துல போயி உக்காருவேன். அழுது ஓயுற வரைக்கும் முதுகைத் தடவுவேன். பிறகு மெதுவாக் கேப்பேன்: "தாயி, எப்.ஐ.ஆர். நகல் வாங்கிட்டியா? யார் பேர் எழுதியிருக்கு?"