நல்ல வசனம் யாருக்கு?

பியானோ முன் தனியே அமர்ந்து, தானே எழுதிய வேடிக்கைப் பாட்டைப் பாடி அரங்கையே சிரிக்க வைப்பவருக்குப் பக்கத்துணை எதற்கு? இங்கிலாந்தின் விக்டோரியா வுட் அப்படிப்பட்ட கலைஞர். 1974-இல் தொலைக்காட்சித் திறமைப் போட்டி ஒன்றில் வென்று வெளிச்சத்துக்கு வந்தவர். ஆனால் தொலைக்காட்சிக்கு எழுத உட்கார்ந்தபோது, கைதட்டல் வாங்கும் வசனங்களைச் சக நடிகர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். பசியோடு இருவர் காத்திருக்க, தள்ளாடித் தள்ளாடி இரண்டு சூப் கொண்டுவரும் மூதாட்டிப் பணிப்பெண் வேடம் ஜூலி வால்டர்ஸுக்குப் போனது. எழுதியவர் அந்தக் காட்சியில் தலைகாட்டவே இல்லை!

திறமை பலருக்கு வாய்க்கும். தன் கையில் இருக்கும் நல்லதை அடுத்தவர் வாயில் வைத்து அழகு பார்க்கும் மனம் வெகு சிலருக்கே வாய்க்கும். அதற்குத் தன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வேண்டும்.

மான்செஸ்டர் தொழிற்சாலை ஒன்றின் உணவகப் பெண்களைப் பற்றிய 'டின்னர்லேடீஸ்' தொடரின் 16 பகுதிகளையும் அவர் ஒருவரே எழுதினார். அதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிப் பேச்சு, தனிக் கவலை, தனிச் சிரிப்பு.