வேரோடு அகழ்க



மைசூர் நகருக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலே, பிரியாப்பட்டண தாலூகாவில், பைலகுப்பே என்னும் ஊர் உண்டு. இன்று அங்கே பொன்வண்ணப் புத்தர் திருவுருவங்களும், விகாரைகளும், மக்காச்சோள வயல்களும் விளங்குகின்றன. காண்போர் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அந்நிலம் முன்னாளில் எவ்வாறிருந்தது என்று வினவுவோர் சிலரே.

1959-ஆம் ஆண்டில் தாயகம் நீங்கிய திபெத்திய மக்களுக்கு, 1960-இல் அன்றைய மைசூர் அரசு அங்கே ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் அளித்தது. அளித்தது வயலன்று, காடு. குளிர்நாட்டிற் பிறந்த அம்மக்கள் கூடாரங்களில் தங்கி, காட்டானைகளுக்கு அஞ்சி இரவைக் கழித்து, பகலெல்லாம் மரம் வெட்டிப் புதர் கொளுத்தினர்.

மரம் வீழ்ந்தவுடனே காடு வயலாகிவிடுமோ? ஆகாது. அடிக்கட்டை நிற்கும் நிலத்தில் கலப்பை ஓடாது. வேரில் சிக்கி நின்றுவிடும். தேக்கின் தூரை விட்டுவைத்தால் மீண்டும் தளிர்க்கும். பந்திப்பூர், நாகரஹொளே காடுகளில் இன்றும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியை மேலே அரிந்தால், அடியிலிருந்து கிளைத்தெழும். ஆதலின் அறிந்தோர் மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அதன் ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கின்றனர். வேர் வானம் பார்த்துக் காய்ந்தொழிகிறது.

பகவான் புத்தர் லோபம், துவேஷம், மோகம் என்னும் மூன்றையும் அகுசல மூலங்கள் என்றார். மூலமாவது வேர். தீயசெயல் கிளை, அதனை வெட்டுதல் எளிது. வேரோ மண்ணுக்குள் மறைந்திருப்பது.

பிறர் கதையைச் சொல்லி நாம் தப்புவதற்கில்லை. நம் கதையையே சொல்லுகிறோம். நாம் பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்தோம். திரிசரணம் ஏற்ற நாளில், சாதியை விட்டோம் என்று உரத்துச் சொன்னோம். மேடைதோறும் அதனைக் கண்டித்துப் பேசினோம். பின்னொரு நாள் நம் மகள், தான் மணக்க விரும்பும் இளைஞரைப்பற்றி நம்மிடம் கூறினாள். நம் வாயினின்று வந்த முதற்சொல் யாது? அவர் குணம் என்ன, தொழில் என்ன என்றா கேட்டோம்? "அவர்கள் எந்த வகுப்பு?" என்றன்றோ கேட்டோம்! மகள் விடை கூறவில்லை. எழுந்து உள்ளே சென்றாள். அன்றிரவு நாம் உறங்கவில்லை. கிளையை வெட்டிவிட்டுத் தூரின்மேல் அமர்ந்து உபதேசித்து வந்தோம் என்பதை அன்றே உணர்ந்தோம்.

அடிக்கட்டையைப் பெயர்ப்போன் முதலில் சுற்றிலும் மண்ணை அகழ்வான்; பின்னர்ப் பக்கவேர்களைக் கோடரியால் அறுப்பான்; இறுதியில் ஆணிவேரை அறுத்துக் கடப்பாரையால் நெம்புவான். நம் உள்ளத்திற்கும் அதுவே முறை. விழிப்போடு நம்மைக் கவனித்தல் மண்ணகழ்தல். "உறவினர் என்ன சொல்வரோ" என்னும் அச்சமும், "நாம் அவரினும் மேல்" என்னும் செருக்கும் பக்கவேர்கள். பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டென்னும் மோகமே ஆணிவேர்.

அறுத்த வேரை வெயிலுக்குக் காட்டவும் வேண்டும். உபோசத நாளில் பிக்குகள் தம் குற்றத்தை மறையாது வெளியிடுவது அதன்பொருட்டே. நாமும் மறுநாட்காலை மகளிடம், "அம்மா, பிழை நம்முடையது" என்றோம். அவ்விளைஞரின் இல்லத்திற்கு நாமே சென்றோம். இன்று அதனை உங்கள் முன்னிலையிலும் வைத்தோம்.

அன்பர்களே! காடு ஒரே நாளில் வயலாவதில்லை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் உழவன் தன் நிலத்தைச் சுற்றிப் பார்க்கிறான். எங்கேனும் தளிர் தலைகாட்டினால் குனிந்து அகழ்கிறான். நாமும் அவ்வாறே குனிவோமாக.

யாவர்க்கும் மங்களம் உண்டாவதாக!