கடல் கடந்த கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



நெருப்புக்கு வெம்மை எப்படியோ, நீருக்குத் தண்மை எப்படியோ, அப்படியே ஜீவாத்மாவுக்கு அடிமை செய்கை இயல்பு என்பது நம் பூர்வாசார்யர்கள் அறுதியிட்ட அர்த்தம். எம்பெருமான் சேஷி, நாம் சேஷபூதர்கள். அவனுக்குச் செய்யும் தொண்டினும் அவன் அடியார்க்குச் செய்யும் தொண்டு ஏற்றமுடையது. உயிர்களெல்லாம் அவனுக்குச் சரீரமாயிருக்கையாலே, துயருற்ற எவ்வுயிர்க்குச் செய்யும் உபகாரமும் அவன் திருமேனிக்குச் செய்யும் உபசாரமேயாகும். இவ்வளவும் அன்பர்கள் பலகாலும் கேட்டிருக்கும் விஷயம்.

இனி, இக்காலத்தில் எழுந்திருக்கும் ஒரு கேள்வியை இங்கே விசாரிக்கப் புகுகின்றோம். பல சமயத்தாரும் கல்லூரி மாணவர்களைத் திரட்டி, விடுமுறை நாட்களில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று அயல்நாட்டுச் சிற்றூர்களுக்குத் தொண்டு செய்ய அனுப்பி வருகிறார்கள். பள்ளிக்குச் சுவர் எழுப்புவதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், மருத்துவ முகாமில் உதவுவதும் அவர்கள் பணி. சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை எட்டாததன்று. கொட்டச்சேட்டுத் தேக்கங்காட்டைக் கடந்து, குப்பனூர் மலைப்பாதையில் இறங்கி, சேலத்துக்குச் சென்று படிக்கும் ஒரு பிள்ளை, "அடுத்த கோடை விடுமுறையில் தொண்டு செய்ய வெளிநாடு போகட்டுமா?" என்று வீட்டில் கேட்பதாகக் கொள்வோம். "இங்கே செய்ய ஆயிரம் வேலை கிடக்க, கடலைத் தாண்டுவானேன், கண்ணு?" என்பாள் தாய். "பகவானுக்குச் சரீரமான உயிர்களில் இக்கரை என்றும் அக்கரை என்றும் உண்டோ, அம்மா?" என்பான் மகன். இருவர் சொல்லும் தர்மத்துக்கு ஒத்ததாகவே இருக்கிறது. எதைக் கொள்வது?

இதற்கு விடை வேண்டுவோர், பெருமாளின் பொருட்டு முதன்முதல் கடல் கடந்த கைங்கர்யபரனையே சென்று கேட்க வேண்டும். அவனே சிறிய திருவடியென்று நாம் கொண்டாடும் அநுமன்.

திருவடி காட்டிய முறை

ஸுந்தர காண்டத்தை ஆழ்ந்து நோக்குமிடத்து, அயலூர் சென்று தொண்டு செய்வார்க்கு வேண்டும் இலக்கணமெல்லாம் அங்கே நிரம்பக் கிடப்பதைக் காணலாம். முதலாவது, திருவடி தானே நினைத்துப் புறப்பட்டவனல்லன், ஏவப்பட்டுப் போனவன். கையிலே பெருமாளின் கணையாழி இருந்தது. இடைவழியில் மைநாக மலை எழுந்து, தங்கி இளைப்பாறிச் செல்லுமாறு வேண்டியபோது, அதைக் கையால் தொட்டு மரியாதை செய்து, நில்லாமலே சென்றான். சுற்றுலா நோக்கம் கலவாத பயணம் அது.

இரண்டாவது, நூறு யோசனைக் கடலைத் தாண்டப் பேருருக் கொண்டவன், இலங்கைக்குள்ளே நுழையும்போது தன் உருவத்தைச் சுருக்கிக்கொண்டான். புறப்படும்போது பெரியவனாயிருக்கலாம், போய்ச் சேருமிடத்தில் சிறியவனாக வேண்டும். சிம்சுபா மரத்தின் இலைச்செறிவில் மறைந்திருந்து, பிராட்டியின் துயரத்தை முதலில் கண்டான். அரக்கியர் அச்சுறுத்தலைக் கேட்டான். உடனே குதித்துத் தன் வீரத்தைக் காட்டினானில்லை.

மூன்றாவது, எந்த மொழியிலே பேசுவது என்று ஆராய்ந்தான். அந்தணரைப் போல ஸம்ஸ்க்ருதத்தில் பேசினால், பிராட்டி தன்னை இராவணனென்று எண்ணி அஞ்சுவாளோ என்று ஐயுற்றான். மனிதர் வழங்கும் எளிய மொழியிலே பேசுவதெனத் துணிந்தான். தன் கல்விப் பெருமை தோன்றப் பேசாமல், கேட்பவர் அஞ்சாத வண்ணம் பேசினான். பேசத் தொடங்கியதும் தன்னைப் பற்றியன்று. அவள் கேட்க விரும்பிய பெருமாளின் சரிதத்தையே.

நான்காவதே இவற்றுள் தலையாயது. பிராட்டியின் துயரம் பொறாமல், "தேவரீர் அடியேன் முதுகில் எழுந்தருளலாம், இப்பொழுதே பெருமாளிடம் சேர்ப்பிக்கிறேன்" என்று விண்ணப்பம் செய்தான். நல்லெண்ணமே; அவனால் இயலாததுமன்று. ஆயினும் பிராட்டி மறுத்தாள். கடல் நடுவே தான் விழ நேரலாம் என்றும், பிற ஆடவர் மேனியைத் தானே விரும்பித் தீண்டுவது தகாதென்றும், பெருமாளே வந்து பகைவனை வென்று தன்னை மீட்பதே அவர் பெருமைக்குத் தகும் என்றும் காரணங்கள் அருளிச்செய்தாள். திருவடி வாதாடவில்லை. "இவ்வளவு தூரம் வந்தேன், வெறுங்கையோடு திரும்புவதோ?" என்று வருந்தவுமில்லை. அவள் கொடுத்த சூடாமணியையும், சொல்லியனுப்பிய வார்த்தையையும் தலைமேற் கொண்டான்.

அன்பர்களே, இங்கே நிறுத்திச் சிந்திக்க வேண்டும். கைங்கர்யமாவது, செய்பவன் செய்ய விரும்பியதைச் செய்வதன்று. கொள்பவர் திருவுள்ளம் உகந்ததைச் செய்வது. பஞ்சவடியிலே பர்ணசாலை கட்ட இடம் பார்க்கும்படி பெருமாள் பணித்தபோது, இளைய பெருமாள் தம் விருப்பப்படி ஓரிடத்தைத் தேர்ந்தாரில்லை. தாம் பரதந்த்ரர் என்றும், இன்ன இடத்தில் கட்டு என்று பெருமாளே நியமித்தருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். இதுவே பாரதந்த்ரியம். நம் விருப்பத்தை நாமே நிறைவேற்றிக்கொண்டு அதற்குச் சேவை என்று பெயரிட்டால், அங்கே சேஷியாக அமர்ந்திருப்பது நம் அகங்காரமே.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாலில் வைத்த தீயால் இலங்கையை எரித்தபின், அநுமன் திடுக்குற்றான். "கோபத்தால் என்ன செய்துவிட்டோம்! பிராட்டியும் இத்தீயிலே அகப்பட்டிருந்தால்?" என்று கலங்கினான். அவள் தீங்கின்றி இருப்பதை அறிந்த பின்னரே அவன் நெஞ்சு ஆறியது. ஸாமர்த்தியம் நிறைந்த தொண்டனாலும், தான் காக்க வந்தவர்க்கே கேடு விளையக்கூடும் என்று ஆதிகவி மறையாமல் காட்டியிருப்பது நம் நன்மைக்காகவே.

தூதும் வாசமும்

இப்படி நோக்கும்போது, அயலூர்த் தொண்டு இருவகைப்படுவது விளங்கும். ஒன்று தூது, மற்றொன்று வாசம். சென்று, கண்டு, கேட்டு, செய்தி கொண்டு மீள்வது தூது. அதற்குத் திருவடி சான்று. சென்ற இடத்திலேயே வேரூன்றி, ஆயுள் முழுதும் பணி செய்வது வாசம். அதற்குச் சான்று அனந்தாழ்வான்.

எம்பெருமானார் திருவரங்கத்தில் காலக்ஷேபம் ஸாதிக்கும்போது, "திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யத் திருமலையில் சென்று வாழ்வார் உண்டோ?" என்று கேட்டருளினார். மலைக் குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சிப் பலரும் வாளாவிருக்க, எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். போனவர் நந்தவனம் அமைத்தார், தம் தேவிகளோடு மண் சுமந்து ஏரி வெட்டினார், அம்மலையிலேயே வாழ்ந்தார். ஒருமுறை மலையிலிருந்து இறங்கிப் பயணம் போகையில், கட்டுச்சோற்று மூட்டையில் எறும்புகள் ஊர்வதைக் கண்டு, "திருவேங்கடத்தில் ஏதேனும் ஒரு பிறவி வேண்டும் என்று தவம் கிடந்து வந்த மஹாத்மாக்களோ இவை! இவற்றை ஊரைவிட்டுப் பிரிக்கலாமோ?" என்று வந்த வழியே மீண்டு, மலைமேலேயே அவற்றை விட்டார் என்று பெரியோர் சொல்வர். சென்ற ஊரின் எறும்பையும் ஊரார்க்குரிய மரியாதையோடு பார்த்த நெஞ்சு அது. ஆண்டுக்கணக்கில் தங்கிய பிறகே ஏரி வெட்டும் உரிமை அவருக்கு வந்தது.

நம் காலத்துக்கு அணித்தான உதாரணம் ஒன்றும் கூறுவோம். பீஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர் 60,000-க்கும் மேற்பட்டவர். 1903 முதல் தென்னாட்டாரும் கப்பலேறினர். தாய்மொழியும் தெய்வ வழிபாடும் பிள்ளைகளிடம் அற்றுப்போகுமோ என்று அஞ்சிய அவர்கள், 1926-ல் தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினர். வழிகாட்ட ஒருவரை அனுப்ப வேண்டுமென்று ராமகிருஷ்ண மிஷனை வேண்டினர். 1937-ல் சுவாமி அவினாசானந்தரும், 1939-ல் சுவாமி ருத்ரானந்தரும் சென்றனர். ருத்ரானந்தர் பள்ளிகளை வளர்த்தார். கரும்பு விவசாயிகளின் உரிமைக்காகவும் நின்றார். 1985-ல் மறையும் வரை அம்மக்களுக்கே உழைத்தார். அவர் நம் ஸம்ப்ரதாயத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் இரண்டு செய்திகளை நாம் அவரிடம் கற்கலாம். அழைத்த பின் அத்தொண்டு சென்றது. சென்ற பின் நிலைத்து நின்றது.

தூதுக்குரிய காலத்தில் வாசத்துக்குரிய காரியத்தைச் செய்யப் புகுவதே இன்றைய பிழை. பதினான்கு நாளில் ஓர் ஊரைத் திருத்திவிடலாம் என்று எண்ணுவது, திருவடி பிராட்டியின் அநுமதியின்றி அவளைத் தூக்கிக்கொண்டு பறந்ததை ஒக்கும். கத்தோலிக்க குருவாயிருந்த இவான் இல்லிச் என்பவர், மெக்ஸிகோ நாட்டுச் சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களை நோக்கி 1968 ஏப்ரலில் இதையே கடுமையாக எடுத்துரைத்தார். அவர்கள் மொழி அறியாமல், வாழ்க்கை அறியாமல், உதவுகிறோம் என்று போவது அவ்வூர் ஏழைகளுக்குச் சுமையே என்றார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவுவதாக எண்ணி வராதீர்கள் என்பது அவர் கருத்து. தம் சமயத்து மாணவரையே அவர் இவ்வாறு கண்டித்ததால், அச்சொல்லில் பகைமை இல்லை, பரிவே இருக்கிறது.

நம் மலை அறிந்த நீதி

இந்த நீதியை ஏட்டிலிருந்து படிக்க வேண்டிய அவசியம் சேர்வராயன் மலையாருக்கு இல்லை. வந்தவர்களை ஏற்று ஏற்றுப் பழகிய மலை இது. காஞ்சிமாநகரிலிருந்து மூன்று சகோதரர் வந்து மூன்று மலைகளில் குடியேறினர் என்பது மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. தோட்டத் துரைமார் வந்தனர். மேலைநாட்டுப் பாதிரிமாரும் கன்னியரும் வந்து பள்ளிகள் அமைத்தனர். மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் தோன்றியது. இன்று முகாம் நடத்த மாணவர்கள் வருகின்றனர். வந்தவருள் வாசற்படியில் அமர்ந்து, "மிளகுக்கொடியை எப்பொழுது ஏற்றுவீர்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டவர் யார், கேளாமலே சுவருக்கு வர்ணம் பூசிப் படமெடுத்துக்கொண்டு போனவர் யார் என்று ஊரிலுள்ள மூதாட்டியைக் கேட்டால் சொல்லிவிடுவாள். பெறும் கையில் இருந்து பார்த்தவர்க்கே கொடுக்கும் கையின் குறை தெரியும். ஆகையால், இம்மலையிலிருந்து ஒரு பிள்ளை கடல் கடந்து செல்வானாகில், அவனுக்கு வேண்டிய பாடத்தை அவன் பாட்டியே சொல்லக்கூடும்.

எனவே தாய்க்கும் மகனுக்கும் நாம் விண்ணப்பம் செய்வது இது. பிள்ளை போகலாம், தடை வேண்டா. ஆனால் போகுமுன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். அவ்வூரார் அழைத்தார்களா? அவர்கள் மொழியில் நூறு வார்த்தையாவது கற்றாயிற்றா? அங்கே செய்யப்போகும் வேலையை அவ்வூர்க் கொத்தனோ ஆசிரியரோ செய்து கூலி பெறக்கூடுமாயின், அந்தக் கூலியை நாம் பறிக்கிறோமா? நமக்கு முன்னும் பின்னும் அங்கே நின்று உழைப்பவர் யார்? அவர் ஏவலுக்கு உட்படுவோமா? கப்பலுக்கும் விமானத்துக்கும் ஆகும் பொருளைக் கணக்கிட்டு, அது வீட்டின் கடனாகுமோ என்பதையும் நினைக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கிய நாள் முதல், கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்துச் சிற்றூரில் முகாமிட்டுப் பணி செய்யும் வழி இருக்கிறது. அங்கே ஏவலுக்கு அடங்கப் பழகாதவன், கடல் கடந்த பின் அடங்கப் போவதில்லை.

மீண்டு வரும்போது அவன் கொண்டுவர வேண்டியதும் ஒன்று உண்டு. திருவடி திரும்பி வந்ததும் பெருமாளிடம் தன் பராக்கிரமத்தை முன்வைக்கவில்லை. பிராட்டியைக் கண்டதைச் சொன்னான். அவள் நிலையைச் சொன்னான். அவள் சொன்ன சொல்லை ஒன்றும் குறையாமல் சொன்னான். அது கேட்டே சேனை புறப்பட்டது; அணை கட்டப்பட்டது. தூதனின் பயன் அவன் செய்த வேலையில் இல்லை. கேட்டுவந்த சொல்லை ஊராரிடம் சேர்ப்பதில் இருக்கிறது. வெளிநாட்டில் வறியோரின் குடிசையிலே கேட்டது, கொட்டச்சேட்டில் தன் தோட்டத்துக் கூலியாளின் குடிசைக்கு அவனை நடத்திச் செல்லுமாகில், அப்பயணம் கைங்கர்யமாயிற்று.

அவ்வாறு மீண்ட திருவடிக்குப் பெருமாள் அளித்த பரிசு யாது? பிரியமானதைச் சொன்னவனுக்குக் கொடுக்கத் தம்மிடம் வேறொன்றும் இல்லையே என்று இரங்கி, தம் திருமார்போடு அணைத்தருளினார். சான்றிதழ்களும் படங்களும் நிறைந்த இக்காலத்தில், தொண்டு செய்ய விழையும் நம் பிள்ளைகள் அந்த அணைப்பையே புருஷார்த்தமாகக் கொள்ளவும், போகும் இடத்தில் சிறியராயிருக்கும் பேறு பெறவும், ஸ்ரீய:பதியான எம்பெருமான் கடாக்ஷித்தருள்வானாக!

சுபமஸ்து.